அறுபது காலடி ஏரி

கடகட, கடகட என்று கீழ்த்தளத்திலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.

துணி உலர்த்தும் மெஷினுக்குள் கூழாங்கற்கள் உருளும் சத்தம் அது. பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளிலிருந்து எடுக்க மறந்துபோன கற்கள். உருளை சுற்றச் சுற்ற அவை மேலே ஏறி, பொத்தென்று விழுந்து, மறுபடி ஏறின.

"அது என்ன அண்ணே சத்தம்?" என்று கேட்டாள் அம்புஜம்.

"சட்டைப் பட்டனா இருக்கும்மா" என்றார் கல்யாணசுந்தரம்.

"பட்டனா? இவ்வளவு சத்தமா?"

"பெரிய பட்டன்."

அம்புஜம் சிரித்தாள். கணவன் இறந்து ஆறு மாதமாகியும் அந்தச் சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே இருந்தது. கல்யாணசுந்தரத்தால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை.

"சீதாக்கா எங்கே அண்ணே? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வீடு இப்படி அமைதியா இருக்கு."

"அவளுக்குத் தலைவலி. கீழே படுத்திருக்கா. பசங்க பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருக்காங்க."

"தலைவலிக்காரியைக் கீழே படுக்க வெச்சுட்டு பக்கத்திலேயே மெஷினை ஓட விட்டிருக்கீங்களா? நல்ல புருஷன் போங்க!"

பத்து நிமிடத்திற்குள் இரண்டு பொய்கள். ஆனால் இந்த இரண்டும் எறும்புக்கடி. ஆறு வாரத்துக்கு முன்னால் அவர் சொன்ன பொய்தான் இன்று வாசலில் மணியடித்து, உள்ளே வந்து, சோபாவில் எதிரே உட்கார்ந்திருந்தது.

அம்புஜம் கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். இஸ்திரி போட்டதுபோல முழங்காலில் வைத்து நீவினாள்.

"ஏரி கிடைக்கலைன்னுதானே அண்ணே இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு யாரும் போகலை? அதனால நானே போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். அஞ்சு ஏரி."

கீழே கூழாங்கற்கள் உருண்டன.

கல்யாணசுந்தரம் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் அவரை வெறுத்துவிடுவார்கள். கும்பகோணத்தில் பிறந்து, பொறியியல் வரைபடம் போடக் கற்று, அறுபத்தாறாம் வருஷம் ஒரு பெட்டியோடு டொராண்டோவுக்கு வந்தவர். ஊருக்கடியில் ஓடும் சாக்கடைக் குழாய்களுக்குப் படம் போடுவது அவர் வேலை. நூறு அடிக்கு எத்தனை அங்குலம் சாய்ந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும் என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மோர்னிங்சைட் பக்கம் ஒரு சிறிய வீடு, இரண்டு பிள்ளைகள், சீதா. யாருக்கு வீடு மாற்ற வேண்டும் என்றாலும், யாரை விமான நிலையத்தில் போய் அழைத்துவர வேண்டும் என்றாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும்.

அவருடைய ஒரே நண்பன் மோகனசுந்தரம். அம்புஜத்தின் கணவன்.

இருவரும் சேர்ந்துதான் அந்த வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் சித்திரான்னம் வைத்துப் படைத்துப் பழகிய பெண்கள் இங்கே குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கும்பிடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், அறுபத்தெட்டில் ஏழு குடும்பங்களாகக் கிளம்பினார்கள். நகரத்தின் காலடியில் கிடக்கும் பெரிய ஏரி ஆகஸ்டு மாதத்திலும் பனிக்கட்டியாகக் குளிரும். இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்குமா என்று தெரியாது. உள்நாட்டுக்குப் போனால்தான் சிறிய ஏரிகள், வெதுவெதுப்பான தண்ணீர், மணல் கரை. ஆனால் எந்த ஏரி?

அதைத் தேர்ந்தெடுக்க மோகனசுந்தரம் ஒரு முறை வைத்திருந்தான். ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் நண்பர்கள் இருவரும் அவனுடைய பச்சை டாட்சனில் வடக்கே போவார்கள். ஏரி வந்ததும் மோகனசுந்தரம் காருக்குள்ளேயே பேண்ட்டைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொள்வான். மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணிக்கொண்டே நேராக நடப்பான். தண்ணீர் இடுப்பைத் தொடும் இடத்தில் நின்று எண்ணிக்கையைக் கத்துவான். கரையில் நிற்கும் கல்யாணசுந்தரம் நோட்டில் எழுதிக்கொள்வார். நாற்பது காலடிக்குக் குறைந்தால் அந்த ஏரி வேண்டாம், பிள்ளைகளுக்கு ஆபத்து. நாற்பதுக்கு மேல் என்றால் மற்றதைப் பார்க்கலாம்: நிழல் தரும் மரம், பெண்கள் புடவை மாற்ற அறை, சூடம் கொளுத்தினால் யாரும் ஓடிவந்து கேட்காத ஒரு மூலை.

வெயிலில் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு கிழவர் அக்கறையோடு கேட்டார், "தண்ணீரில் எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்று. மோகனசுந்தரம் திரும்பாமலே சொன்னான், "ஆமாம் ஐயா, இன்னும் இருபது காலடி!"

ஆறு ஆண்டுகளில் அவர்கள் கண்ட மிகச் சிறந்த ஏரி ஐம்பத்திரண்டு காலடி. "ஒருநாள் அறுபது காலடி ஏரி கண்டுபிடிப்பேன் கல்யாணம். அப்புறம்தான் சாவேன்" என்பான்.

கண்டுபிடிக்கவில்லை. எழுபத்துநான்கு பிப்ரவரியில், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியின் மேலேயே சாய்ந்தான். முப்பத்தொன்பது வயது. அவன் எட்டு வயது மகள் கோதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்புஜம் ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு நூலகத்தில் தட்டெழுத்து வேலை தேடிக்கொண்டாள். மூன்றாவது முயற்சியில் கார் ஓட்டும் பரீட்சையிலும் தேறினாள்.

மே மாதத்தில் கல்யாணசுந்தரம் வீட்டில் ஒரு பூஜை. முடிந்ததும் சீதா குங்குமத் தட்டை எடுத்து வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் நீட்டிக்கொண்டே வந்தாள். அம்புஜத்தின் முன்னால் அந்தத் தட்டு நின்றது. ஒரு விநாடிதான். ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றது. பிறகு அடுத்த பெண்ணிடம் போய்விட்டது. அம்புஜம் தரைக்கம்பளத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஒரு விநாடியைக் கல்யாணசுந்தரம் பார்த்துவிட்டார். ஐயோ, பார்க்காமல் இருந்திருக்கக்கூடாதா!

ஆடிப் பதினெட்டில் பெண்கள் ஒருவருக்கொருவர் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிவிடுவார்கள். அங்கேயும் ஒரு தட்டு வரும். அது அம்புஜத்தின் முன்னால் மறுபடி நிற்கும். அவள் மணலைப் பார்த்துச் சிரிப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தார். 'அவளுக்கு அந்த அவமானம் வேண்டாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. சாய்வுக் கணக்குப் போடுகிறவர் அல்லவா?

ஜூன் கடைசியில் அவளுக்குப் போன் செய்தார். "இந்த வருஷம் ஏரி ஒண்ணும் சரியா அமையலைம்மா. மோகன் இல்லாம எனக்குப் பார்க்கத் தெரியலை. போகப் போறதில்லை." செத்துப்போன நண்பனின் பெயரைச் சொல்லி அந்தப் பொய்யை நம்பவைத்தார்.

மற்ற ஐந்து வீடுகளுக்கும் சீதாவுக்கும் வேறு பொய். "அம்புஜத்தைக் கேட்டேன். வரலையாம். கொஞ்ச காலம் தனியா இருக்கணுமாம். யாரும் போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதீங்க, பாவம்."

எல்லோரும் நல்லவர்கள். அவர் சொன்னபடியே யாரும் போன் செய்யவில்லை.

நேற்று, ஆடிப் பதினெட்டை ஒட்டிய சனிக்கிழமை, ஆறு குடும்பங்களும் போய்வந்துவிட்டன. நாற்பத்துநான்கு காலடி ஏரி. கல்யாணசுந்தரம் தனியாகப் போய், தானே இறங்கி எண்ணி முடிவு செய்தது. எல்லோரும் பாராட்டினார்கள். யாழ்ப்பாணத்து அருளம்பலம் மாஸ்டர் வழக்கம்போலப் புளியோதரைப் பாத்திரத்தின் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ஆடிப்பிறப்புக் கூழோடை எல்லாம் முடிஞ்சுது அண்ணை. உந்தப் பதினெட்டு எங்கடை பக்கம் இல்லை. எண்டாலும் சோறு இருக்கிற இடத்துக்கு நான் வாறன்தானே!" எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணசுந்தரம் வாயில் போட்ட கவளத்தை விழுங்க முடியாமல் எழுந்துபோய் மரத்தடியில் துப்பினார்.

இன்று அம்புஜம் வந்திருக்கிறாள், ஐந்து ஏரிகளோடு.

"அண்ணே, கேட்டுக்கிட்டே இருக்கீங்களா?"

"சொல்லும்மா."

"முதல் ஏரி, மணல் நல்ல மணல். ஆனா இருபத்தெட்டு காலடி. வேண்டாம். ரெண்டாவது, விட்பி தாண்டி வடக்கே போகணும், நாற்பத்தொண்ணு. புடவை மாத்தற அறை பூட்டிக் கிடந்தது. மூணாவதுல வாத்துங்கதான் குடியிருக்கு, நமக்கு இடமில்லை." விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். "இதெல்லாம் என் காலடி கிடையாது அண்ணே. கணக்குப் போட்டு அவர் காலடியா மாத்திட்டேன். அவர் நாலு வெச்சா நான் அஞ்சு வைக்கணும். அவர் இடுப்பு என் நெஞ்சுக்கு வரும். நான் நெஞ்சு வரைக்கும் போய்ப் பார்த்தேன்."

கல்யாணசுந்தரம் நிமிர்ந்தார். "நெஞ்சு வரைக்குமா? உனக்கு நீச்சல் தெரியாதே அம்புஜம்!"

"தெரியாது. கோதை கரையில நின்னு எண்ணினா. ரெண்டு இடத்துல வழுக்கிட்டேன். ஒரு தடவை நல்லாத் தண்ணி குடிச்சேன். புடவை வேற காலைச் சுத்திக்கிச்சு. அந்தப் பொண்ணு 'அம்மா, போதும் வா, அம்மா, போதும் வா'ன்னு ஒரே அழுகை."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அவர்.

"எதுக்கா? அவர் செத்ததோட இந்த ஏரியும் நின்னு போச்சுன்னா எப்படி அண்ணே? அவர் இல்லாம ஏரி பார்க்கத் தெரியலைன்னு நீங்க சொன்னப்போ எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என்னாலதான் எல்லார் வீட்டுப் பிள்ளைங்களும் இந்த வருஷம் தண்ணியைப் பார்க்கலையோன்னு..." நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "யாரும் ஒரு போன்கூடப் பண்றதில்லை. நானும் பண்ணலை. நம்மளைப் பார்த்தா அவங்களுக்குச் சங்கடமோ என்னமோன்னு விட்டுட்டேன். ஆனா நல்ல ஏரி ஒண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தா யார் வேண்டாம்னு சொல்லப் போறா?"

கல்யாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"அஞ்சாவதைப் பாருங்க அண்ணே." அம்புஜத்தின் முகம் மலர்ந்தது. "அறுபது காலடி."

"என்னது?"

"அறுபது. மூணு தடவை நடந்து பார்த்தேன். ரெண்டு பெரிய மேப்பிள் மரம். ஒதுக்குப்புறமா ஒரு மூலை. ஆடிப் பதினெட்டுதான் போச்சு, வெயில் போகலையே. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் போவோமா?"

அப்போது கீழே சத்தம் நின்றது.

அந்த அமைதியைப்போலப் பயங்கரமான ஒன்றைக் கல்யாணசுந்தரம் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மெஷின் நின்றால் சீதா துணிக்கூடையோடு மேலே வருவாள். வந்தால் பேசுவாள். பேசினால்...

"அம்புஜம், நீ இப்போ கிளம்பும்மா" என்று சட்டென்று எழுந்தார். "நான் நாளைக்கு உன் வீட்டுக்கு வந்து எல்லாம்..."

"என்ன அண்ணே, விரட்டறீங்க? உங்க மூக்கு ஏன் இப்படி வெயில்ல கறுத்திருக்கு?"

"புல்லு வெட்டினேன். நேத்து முழுக்கப் புல்லு..."

படிக்கட்டில் காலடிச் சத்தம். சீதா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் நேற்றுக் கட்டிய மஞ்சள் சரடு இன்னும் புதுமஞ்சள் வாசனையோடு இருந்தது. அவளுடைய வலது உள்ளங்கையில் ஏழெட்டுக் கூழாங்கற்கள்.

"இதைப் பாருங்க, உங்க மகன் ஏரியையே பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்திருக்கான். மெஷின் உடையாம இருந்ததே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அம்புஜத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டாள். "அடியே, வந்துட்டியா! வா, வா! ஏண்டி இப்படி எங்களை ஒதுக்கிட்ட? தனியா இருக்கணும்னா ஒருநாள் இருப்பே, ரெண்டு நாள் இருப்பே. நேத்து ஒரு நாளாவது வந்திருக்கக் கூடாதா? போன் பண்ணவே கூடாதுன்னு நீ சொன்னதா இவர் சொன்னாரு. அதனாலதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்புஜம் சீதாவின் கையிலிருந்த கற்களைப் பார்த்தாள். அவள் கழுத்துச் சரடைப் பார்த்தாள். பிறகு கல்யாணசுந்தரத்தின் மூக்கைப் பார்த்தாள்.

"நேத்துப் போனீங்களா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?" என்றாள் சீதா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க?"

கல்யாணசுந்தரம் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அம்புஜத்திடம் சொன்னது ஒன்று, மற்றவர்களிடம் சொன்னது ஒன்று. குங்குமத் தட்டு நின்ற விநாடியையும் சொன்னார். சொல்லும்போது கைகள் தாமாகவே கும்பிட்டுக்கொண்டன. கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது. "உனக்கு மறுபடி அந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான்ம்மா..."

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி" என்றாள் அம்புஜம். குரல் உயரவில்லை. "நான் வரக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லைம்மா. நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்."

"சொல்லியிருந்தாங்கன்னா நேராப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். யாருமே சொல்லாததுக்கு யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?" தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "அவர் போனப்போ அழுதது வேற அண்ணே. அது அவருக்காக. இந்த ஆறு வாரம் அழுதேன் பாருங்க, அதுல அவர் இல்லை. போன் வேலை செய்யுதான்னு எடுத்து எடுத்துக் காதுல வெச்சுப் பார்த்து அழுதேன். லைன் நல்லாத்தான் இருந்தது."

சீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தட்டை நிறுத்தினவ நான்டி. என்ன பண்றதுன்னு தெரியாம நிறுத்திட்டேன். மூணு மாசமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். நேத்து நீ வந்தா, 'உனக்கு எப்படிப் பிடிக்கும், சொல்லு'ன்னு உன்கிட்டயே கேட்கணும்னு இருந்தேன். நீ வரலைன்னதும்..."

"நீங்க கேட்டிருப்பீங்க அக்கா. நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்." அம்புஜம் அவள் தோளைத் தொட்டாள். "அதுக்குத்தான் இவர் விடலையே."

கல்யாணசுந்தரம் இரண்டடி முன்னால் வந்தார். "நான் என்ன பண்ணணும், சொல்லும்மா. உன் காலில் வேணும்னாலும்..."

"காலெல்லாம் வேண்டாம். அஞ்சு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணுங்க. வரமாட்டேன்னு அம்புஜம் சொல்லலை, தனியா இருக்கணும்னு சொல்லலை, எல்லாம் நான் சொன்ன பொய்னு சொல்லுங்க. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"இப்பவேவா?"

"மெஷின்தான் நின்னுடுச்சே. நல்லாக் கேட்கும்."

அவர் சமையலறை வாசலில் சுவரில் மாட்டியிருந்த போனிடம் போனார். எத்தனையோ குடும்பங்களுக்கு உதவி கொண்டுபோன போன். யாருக்கு முதலில்? அதிகம் சிரிப்பவருக்கு முதலில் சொல்வது சுலபம் என்று தோன்றியது. அருளம்பலம் மாஸ்டரின் எண்ணைச் சுழற்றினார்.

அம்புஜம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். தாளைச் சீதாவின் கையில் வைத்தாள்.

"அஞ்சாவது ஏரி அக்கா. பிள்ளைங்களை அங்கேயே கூட்டிட்டுப் போங்க, பயம் இல்லை. நான் வரேனா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்." ஒரு கணம் நின்றாள். "இந்தத் தடவை நானே சொல்றேன்."

சீதா கையிலிருந்த கற்களை அவளிடம் நீட்டினாள். "கோதைக்குக் கொடு."

அம்புஜம் யோசித்தாள். ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இரு, கார் வரைக்கும் வரேன்" என்று சீதாவும் செருப்பைத் தேடினாள்.

போனில் மணி அடிப்பது நின்றது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"மாஸ்டர், நான்தான்... கல்யாணசுந்தரம்."

"ஓ, அண்ணையோ! என்ன, நேற்றையான் சோறு மிச்சம் கிடக்குதோ? இப்பவே வாறன்!"

கல்யாணசுந்தரம் திரும்பி வாசலைப் பார்த்தார். அம்புஜம் முன்னால் போய்விட்டாள். பச்சை டாட்சனின் மேல் வெயில் விழுந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே படியிறங்கிய சீதாவும் பார்க்கவில்லை.

"அண்ணை? இருக்கிறியளோ? என்னண்டு சொல்லுங்கோவன்!"

"மாஸ்டர், அம்புஜத்தைப் பத்தி ஒரு விஷயம். நான்..." என்று ஆரம்பித்தார்.

வெளியிலிருந்து சீதாவின் கை எட்டி, கதவை இழுத்துச் சாத்தியது.